ஒரு மாமரமும் நான் வாயை மூடிய ஒரே நாளும்

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

காணி உரிமை வேலையில் பட்டதையும் பிடிபட்டதையும் உங்களுக்காக எழுதித் தரச்சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள். இரண்டு பக்கத்துக்குள் முடிக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். நான் வணக்கம் சொல்லி முடிக்கவே இரண்டு பக்கம் பிடிக்கும் என்பதை எப்படி மறந்தார்களோ தெரியாது. ஓய்வு பெற்றவனுக்கு மிஞ்சுகிற ஒரே சுகம், இடையில் மறித்துக் கதைக்க ஆளில்லாமல் எழுதுவதுதான். பொறுத்துக்கொள்ளுங்கோ.

மனு எழுதுவது, வழக்குப் போடுவது, ஆதாரம் சேர்ப்பது எல்லாம் லோயர்மார் உங்களுக்கு வடிவாகச் சொல்லித் தருவார்கள். அதைப்பற்றி நான் எழுதினால் நீங்களும் நித்திரை, நானும் நித்திரை. நான் சொல்லப்போவது ஒரேயொரு காலைப்பொழுதின் கதை. அதில் நான் செய்த ஒரேயொரு உருப்படியான காரியம், ஒன்றும் செய்யாமல் நின்றது.

முதலில் என்னைப் பற்றி. நான் கொடிகாமத்தான். சந்தையில் அப்பாவின் மரக்கறிக் கடையில் நின்று கத்திக் கத்தி வளர்ந்த குரல் எனக்கு. இடம்பெயர்ந்த சனத்தின் கூட்டம் ஒன்றுக்கு ஒருமுறை சும்மா வேடிக்கையாக விடுப்புப் பார்க்கப் போயிருந்தேன். பாதியில் கரண்ட் நின்றது, மைக்கும் நின்றது. பேசிக்கொண்டிருந்தவர் சொல்வதைப் பின்வரிசைக்கு யாராவது சத்தமாகச் சொல்லுங்கோ என்றார்கள். நான் எழும்பிச் சொன்னேன். அடுத்த நாளே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் கொள்கையால் இந்த வேலைக்கு வந்தவர்கள். நான் மின்வெட்டால் வந்தவன். கத்தரிக்காய் விற்ற அதே குரலில்தான் கடைசிவரை மனித உரிமையும் பேசினேன். சில நாட்களில் இரண்டுக்கும் ஒரே விலைதான் கேட்டார்கள்.

இனிக் கதைக்கு வருவம்.

வலிகாமத்தின் வடகரையில் ஒரு துண்டு நிலம். செம்மண், நல்ல கிணறுகள், ஒருகாலத்தில் வெங்காயமும் புகையிலையும் போட்ட தோட்டங்கள். யுத்த காலத்தில் சனம் உடுத்த உடுப்போடு எழும்பி வந்தது. பிறகு அது ஆமி முகாமுக்குள் போய்விட்டது. காணிக்காரர் வாடகை வீட்டிலும் சொந்தக்காரர் வீட்டிலும் இருந்து பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, தலை நரைத்து, இன்னும் கம்பிவேலிக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியிருக்க ஒருநாள் அந்தக் காணிகளுக்குப் போகிற ஒழுங்கையின் முகப்பில் இருந்த மின்கம்பத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. இன்ன நாளில் அந்தக் காணிகளை அளக்கப்போகிறார்கள், காணிக்காரர் வந்து தங்கள் எல்லையைக் காட்டலாம். அளப்பது எதற்கென்றால், முகாமுக்கென்று நிரந்தரமாக எடுப்பதற்கு. அளந்து வரைபடம் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் கடதாசி வேலை. அதுவரை "ஆமி இருக்கிற எங்கடை காணி" என்று சொல்லிவந்த சனம், அதற்குப் பிறகு "எங்கடையாக இருந்த ஆமிக் காணி" என்று சொல்லிப் பழகவேண்டியதுதான். ஆகவே அந்த நாள் அளவெடுப்பு நடக்கக்கூடாது. எங்களுக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

அளக்கிற வரிசையில் முதலாவது காணி கிரேஸ் ரீச்சருடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், நல்லூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். அதற்குப் பக்கத்துக் காணி நவரத்தினம் அண்ணையுடையது. அவர் பண்டத்தரிப்பில் குத்தகைக் காணியில் தோட்டம் செய்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் தங்கமான ஆட்கள். எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் முதல் ஆளாக வருவார்கள். வந்து, மண்டபத்தின் இரண்டு மூலையில் இருப்பார்கள். இடம்பெயர்வதற்கு முதல் தொடங்கிய வேலிச் சண்டை. இரண்டு காணிக்கும் நடுவில் ஒரு கறுத்தக் கொழும்பான் மாமரம். அது யாருடையது என்பது பிரச்சினை. வேலி போய்விட்டது, வீடு போய்விட்டது, மரம் நிற்கிறதா விழுந்ததா என்று கண்ணால் கண்டு இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகிவிட்டது. சண்டையை மட்டும் இரண்டு பேரும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

எனக்கு இது பெரிய தலையிடி. அந்த நேரம் நான் எங்கேயோ ஒரு பயிலரங்குக்குப் போய், சமூக ஒற்றுமைதான் பலம் என்று கேட்டுவிட்டு வந்த புதுசு. படித்தது கொஞ்சமென்றால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது பாருங்கோ. நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலை ஒரு பின்னேரம் கேட்டு எடுத்து, காணிக்காரரைக் கூட்டி ஒத்திகை வைத்தேன். பலகையில் யாரோ பிள்ளைக்குப் படிப்பித்த அட்சரகணிதம் அழியாமல் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நான் சோக்கால் நாலு சொல் எழுதினேன்: வேலி, கதியால், கிணற்றுப் பங்கு, மாமரம். இந்த நாலு சொல்லையும் அன்றைக்கு ஒருவரும் வாயில் எடுக்கக்கூடாது என்றேன். எங்களுக்குள் பிரச்சினை இருக்கிறது என்று தெரிந்தால் எங்களைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள், எல்லாரும் ஒரே குரலில் அளக்கவிடமாட்டோம் என்று மட்டும் சொல்லவேண்டும் என்றேன். ரீச்சர் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அட்சரகணிதத்தில் ஒரு பிழை இருந்ததாம். போகும்போது திருத்திவிட்டுப் போனார்.

எங்கள் லோயர் பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். என்னிலும் வயது நல்லாய்க் குறைவு. ஆனால் இந்த வேலையில் நான் பாடம் கேட்ட ஆள் என்றால் அந்தப் பிள்ளைதான். பெயரை எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒத்திகை முடிய என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, மெல்லச் சொன்னது:

"அண்ணை, கோவிக்கக்கூடாது. நாளைக்கு ஒரு கட்டத்திலை நீங்கள் கதைக்காமல் இருக்கவேண்டி வரும். எப்பவெண்டு எனக்கும் தெரியாது. வந்தால் மறிக்காதேங்கோ."

நான் சிரித்தேன். மழை வந்தால் நனையாதேங்கோ என்று தவளைக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஒரு வான் பிடித்தோம். நல்லூரில் ரீச்சரை ஏற்றிக்கொண்டு பண்டத்தரிப்பால் சுற்றி நவரத்தினம் அண்ணையை ஏற்றினோம். மிஞ்சியிருந்தது ரீச்சருக்குப் பக்கத்து இருக்கை ஒன்றுதான். நவரத்தினம் அண்ணை வாசலில் நின்று அதைப் பார்த்தார். பிறகு, தான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வாறன் என்றார். வெளிக்கிட்டு வந்த மனுசனை விடக்கூடாதென்று நான் எழும்பி ரீச்சருக்கு அருகில் போய் இருந்து, என் இருக்கையை அவருக்குக் கொடுத்தேன். வழி முழுக்க நான்தான் எல்லைக் கல். ஒற்றுமைக்காக இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து இடுப்பில் நாரி பிடித்ததுதான் மிச்சம்.

ஒழுங்கை முகப்பில் சனம் கூடியிருந்தது. நாங்கள் பதாகையை விரிக்கமுதலே பொலிஸ் பொறுப்பதிகாரி ஒரு நீதிமன்றக் கட்டளையோடு வந்துவிட்டார். வாசித்தார். கோஷம் போடக்கூடாது. பதாகை பிடிக்கக்கூடாது. பாதையை மறிக்கக்கூடாது. ஒலிபெருக்கி பாவிக்கக்கூடாது. கடைசியாக என் பெயரைத் தகப்பன் பெயரோடு சொல்லி, இவர் கூட்டத்தினருக்கு உரையாற்றக்கூடாது. என் வாழ்க்கையில் அரசாங்கம் என் குரலுக்குக் கொடுத்த ஒரே அங்கீகாரம் அது. சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் ஒரு கடதாசியோடு போயிற்று. மீறினால் முன்னால் நிற்கிறவர்களை அள்ளிக்கொண்டு போவார்கள், அளக்கிறவர்கள் ஆறுதலாக அளப்பார்கள்.

லோயர் பிள்ளை கட்டளையை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டு, காணிக்காரர் வந்து நிற்கக்கூடாது என்று இதில் இல்லை என்றது. உண்மைதான். எல்லை காட்ட வரச்சொல்லி அவர்கள்தானே மின்கம்பத்தில் ஒட்டினார்கள்.

ஆமி அதிகாரி ஒருவர் படலையைத் திறந்துவிட்டார். சர்வேயர் அளவுக் கருவி ஏற்றுகிற முக்காலியோடு வந்து நின்றார். எங்கடை ஊர்ப்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைதான், தொப்பியை நல்லாய்க் கீழே இழுத்து விட்டிருந்தது. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அனுப்பினால் வரத்தானே வேண்டும், அந்தப் பிள்ளையை என்ன குறை சொல்வது. முதல் காணியின் பெயரை வாசித்தது. ரீச்சர் குடையோடு முன்னால் போனார்.

"ரீச்சர், உங்கடை மேற்கு எல்லை எது?"

எங்கள் ஒத்திகைப்படி ரீச்சர் அளக்க விடமாட்டன் என்று சொல்லவேண்டும். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டு மறுமொழி வாங்கிய மனுசி. கேள்வியென்று ஒன்று வந்தால் மறுமொழி சொல்லாமல் விடுவது அவருடைய இரத்தத்திலேயே இல்லை. கம்பிக்கு அப்பால், பற்றைக்காட்டுக்கு மேலால் தெரிந்த ஒரு பச்சைக் கொப்பைக் குடையால் காட்டினார்.

"உந்த மாமரம் தெரியுதெல்லோ தம்பி? அதுக்கு அங்காலை. மரம் என்ரை காணிக்குள்ளை."

எல்லையைக் காட்டினால் அளவெடுப்புக்கு உடன்பட்டதாகிவிடும். ஒலிபெருக்கி கையில் இருக்கிறது, பாவிக்க ஏலாது. ரீச்சர், வேண்டாம் என்று வெறும் வாயால் கத்தவேண்டும் போல் இருந்தது. அதற்குள் எனக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது.

"ரீச்சர், உது சரியில்லை." நவரத்தினம் அண்ணை.

"எது சரியில்லை?"

"எல்லை மரத்துக்கு இஞ்சாலை. மரம் எங்கடை."

ரீச்சர் திரும்பினார். கடைசியாக அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் கதைத்தது எப்போதென்று அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும்.

"நவரத்தினம், வேலியடைக்கிற ஒவ்வொரு முறையும் நீர் கதியாலைத் தள்ளித் தள்ளி நட்டனீர். நான் பள்ளிக்கூடத்தாலை வீட்டை வர, வேலி எனக்கு முதல் வந்து வாசல்லை நிக்கும்."

"ஒட்டுக் கண்டு வைச்சது உங்கடை ஐயா. ஓம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. கோடைக்குத் தண்ணி இறைச்சு ஊத்தினது ஆர்? எங்கடை அம்மா. தண்ணி குடிச்ச மரம் ஆருக்குச் சொந்தம்?"

"அப்ப என்ரை கிணத்துத் தண்ணியை ஊத்திப்போட்டு என்ரை மரத்தையும் கேக்கிறீர்?"

"கிணத்திலை எனக்குப் பங்கிருக்கு ரீச்சர்!"

ஒரே மூச்சில் பலகையில் எழுதிய நாலு சொல்லும் வந்துவிட்டது. நான் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் பாய வெளிக்கிட்டேன். வானில் இருந்த மாதிரி. யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். லோயர் பிள்ளை. சர்வேயரைப் பார் என்று கண்ணால் காட்டியது.

சர்வேயர் பிள்ளை முக்காலியின் ஒரு காலை நிலத்தில் ஊன்றி, மற்றக் கால்களைக் கையில் பிடித்தபடி நின்றது. இங்கே வைப்பதா, அங்கே வைப்பதா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு வேலிச் சண்டைக்குள் கால் வைத்தால் என்ன நடக்கும் என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஷெல் விழுந்த இடத்தில்கூட அந்தப் பிள்ளை இதைவிடத் துணிவாக நின்றிருக்கும்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன். மூடினேன். கொடிகாமம் சந்தை தொடங்கி அன்றுவரை நான் செய்யாத வேலை. ஆனால் மூடிக்கொண்டே நின்றேன்.

பிறகு நடந்ததை நான் திட்டம் போட்டிருந்தால் நடந்திராது. பின்னால் நின்ற சனத்துக்கும் பொறி பற்றிவிட்டது. ஒருவர் தன் ஒழுங்கையைப் பக்கத்து வீட்டார் மதிலுக்குள் எடுத்தது பற்றித் தொடங்கினார். இன்னொரு அம்மா, தன் பனையில் விழுந்த பழத்தைப் பொறுக்கியது யார் என்று இப்போதே தெரியவேண்டும் என்றார். தமையனும் தம்பியும் சீதனக் காணியின் மூலையைப் பற்றிக் கதைக்க ஆரம்பித்தார்கள். அத்தனை வருசமும் பேச இடமில்லாமல் கிடந்த வேலிச் சண்டையெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது. ஒரு கோஷம் இல்லை. ஒரு பதாகை இல்லை. பாதையைக்கூட யாரும் மறிக்கவில்லை, மரியாதையாக ஓரமாக நின்றுதான் சண்டை பிடித்தார்கள்.

பொறுப்பதிகாரி கட்டளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அயலவர் சண்டையைப் பற்றி அதில் ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்து, ஆட்களை அமைதியாக்கச் சொன்னார். நான் அந்தக் கடதாசியைக் காட்டினேன்.

"சேர், நான் கூட்டத்துக்கு உரையாற்றக்கூடாதெண்டு நீங்கள்தானே இப்ப வாசிச்சனீங்கள்."

நான் சொன்ன பகிடிகளிலேயே பயத்தோடு சொன்னது அது ஒன்றுதான்.

ஆமி அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்குச் சண்டை என்று சர்வேயரிடம் சிங்களத்தில் கேட்டார். ஒரு மாமரத்துக்கு என்று சர்வேயர் பிள்ளை சொன்னது. அவர் பற்றைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஓ, அந்த மரமா, நல்ல இனிப்பு, போன பருவம் கொப்பு முறிகிற அளவுக்குக் காய்த்தது என்றாராம். சர்வேயர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவும் முன்னால் நின்ற இரண்டு பேரின் சத்தமும் சட்டென்று நின்றது.

ரீச்சர் குடையைத் தாழ்த்தினார். அதுவரை அவரும் நவரத்தினம் அண்ணையும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் சண்டை பிடித்தது, உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாத ஒரு மரத்துக்கு.

"இப்பவும் காய்க்குதாமோ?" என்று ரீச்சர் கேட்டார். சர்வேயரைப் பார்த்துக் கேட்கவில்லை. நவரத்தினம் அண்ணையைப் பார்த்துக் கேட்டார்.

"காய்க்குதாம் ரீச்சர்," என்றார் அவர். சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்: "தறிச்சுப்போடாதேங்கோ, ஐயா. நாங்கள் வருவம்."

சர்வேயர் பிள்ளை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டது. எல்லையில் பிணக்கு, காணிக்காரர் ஆட்சேபம், அளக்க முடியவில்லை என்று எழுதி, லோயர் பிள்ளைக்கு வாசித்தும் காட்டியது. பிறகு முக்காலியை மடித்த வேகம் இருக்கிறதே, விரிக்கும்போது அதில் பாதி இருக்கவில்லை.

திரும்பி வரும்போது வானில் நான் ரீச்சரிடம் குசுகுசுத்தேன். வேண்டுமென்றே தானே சண்டையைத் தொடக்கினீர்கள், என்ன மூளை ரீச்சர் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

"என்ன வேணுமெண்டு? மரம் என்ரை."

அடுத்த நாள் பேப்பரில் அதை நூதனமான அறப்போராட்டம் என்று போட்டிருந்தார்கள். ஏற்பாட்டாளர் என்று என் பெயர். நான் திருத்தம் கேட்டு எழுதவில்லை. அவ்வளவு நல்லவன் அல்ல நான்.

பிறகு ஒருமுறை வெளிநாட்டில் ஒரு கூட்டத்துக்கு அனுப்பினார்கள். காட்டையும் ஆற்றையும் காக்க நிற்கிற சனங்கள் பல தேசங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். அணைக்கட்டை மறித்தவர்கள், சுரங்கத்தை மறித்தவர்கள், சிறைக்குப் போய் வந்தவர்கள். என் முறை வந்தபோது வெட்கத்தோடு இந்த மாமரக் கதையைச் சொன்னேன். பிலிப்பைன்சிலிருந்து வந்த ஒரு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய ஊரில் எருமை குளிக்கிற குட்டைக்குத்தான் சண்டையாம். அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்துவிட்டுப் போராடத் தொடங்குவோம் என்று காத்திருந்து இரண்டு வருசத்தை வீணாக்கினார்களாம். எங்கே போனாலும் என்னைப்போல ஒரு ஏற்பாட்டாளன் இருக்கிறான் என்று தெரிந்ததில் எனக்கு நல்ல ஆறுதல்.

ஆகவே பிள்ளைகள், சனத்தை ஒரே குரலாக்கிப்போட்டுத்தான் வேலை தொடங்குவோம் என்று மினைக்கெடாதேங்கோ. ஒரு முழக் காணியைப் பக்கத்து வீட்டாருக்கு விடாத சனம், முழுக் காணியை யாருக்கு விடப்போகிறது? அவர்கள் கதைக்கத் தொடங்கினால் நீங்கள் நடுவில் பாயாதேங்கோ. எனக்கு அதைச் சொல்ல ஒரு நீதிமன்றக் கட்டளையே வேண்டியிருந்தது.

அளவெடுக்க அதற்குப் பிறகும் வந்தார்கள், சனம் அதற்குப் பிறகும் போய் நின்றது. சில வருசம் கழிய அந்தப் பக்கத்தில் ஒரு துண்டை விட்டார்கள். மிச்சம் இன்னும் உள்ளே கிடக்கிறது, அது உங்கள் வேலை. விட்ட துண்டுக்குள் ரீச்சரின் காணியும் நவரத்தினம் அண்ணையின் காணியும் வந்தன. படலை திறந்த அன்று நானும் போனேன். இரண்டு வீட்டுக்கும் கூரையில்லை, நிலை கதவு இல்லை. பற்றையை விலக்கிக்கொண்டு இரண்டு பேரும் நேரே மரத்தடிக்குத்தான் போனார்கள். ஆமிக்காரர் மரத்தைச் சுற்றி இருந்து கதைக்க வடிவான சீமெந்துக் கட்டு ஒன்று கட்டியிருந்தார்கள். அதில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இருந்து கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு ரீச்சர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார், இந்தக் கட்டும் தன் காணிக்குள்தான் வருகிறது என்று.

இப்போது விசயம், கோட்டுக்குப் போகாமல் பிணக்குத் தீர்த்து வைக்கிற இணக்க சபையில் நிற்கிறது. மரத்தோடு கட்டும் சேர்ந்துகொண்டது. தன் காணியில் நின்று தன் பக்கத்து வீட்டாரோடு சண்டை பிடிக்கிற உரிமை எந்தப் பிரகடனத்திலும் இல்லை, நான் தேடிப் பார்த்தேன். ஆனால் இத்தனை வருசமும் நாங்கள் கேட்டு நின்றது அதைத்தான். அந்த இரண்டு வீட்டுக்கும் அது கிடைத்துவிட்டது. நல்ல சத்தமாகவே கிடைத்திருக்கிறது, ஒழுங்கை முகப்பு வரைக்கும் கேட்கும்.

இதில் உங்களிடம் ஒரு உதவி. இரண்டு பேரும் தங்கள் பக்கத்துக்கு என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குப் போக ஏலாது. இந்தப் பருவம் இரண்டு வீட்டிலிருந்தும் எனக்கு ஒவ்வொரு பை மாம்பழம் வந்தது. ரீச்சருக்கு ரெலிபோன் எடுத்து, உங்கடை பழம்தான் இனிப்பு என்றேன். பிறகு நவரத்தினம் அண்ணைக்கும் எடுத்து, அதையே சொன்னேன்.

ஆகவே உங்களில் மாம்பழம் பிடிக்காத ஆள் ஆராவது இருந்தால், அடுத்த சனிக்கிழமை இணக்க சபைக்குப் போங்கோ. போய், வாயைத் திறக்காமல் இருங்கோ.